எழுபதுகளின் 'தெரியாத' ராக் பேண்டுகள்: ஏன் மறைந்தன, எப்படிக் கண்டுபிடிப்பது?

ராக் கேட்கிறவர்கள் நாலு பேர் கூடி எழுபதுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், இரண்டு வசனங்களில் ஒன்று கட்டாயம் வந்து விழும். "நல்லா இருந்திருந்தா நமக்கே தெரிஞ்சிருக்குமே" என்பது ஒன்று. "யாருக்கும் தெரியாத பேண்டா? அப்ப அதுதான் ஒரிஜினல் சரக்கு" என்பது இன்னொன்று. ஒன்றுக்கொன்று எதிர் மாதிரி தெரிந்தாலும் இரண்டும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. பெயர் பரவுவதற்கும் பாட்டு நன்றாக இருப்பதற்கும் நேர் சம்பந்தம் உண்டு என்று இரண்டுமே நம்புகின்றன.

தோப்பில் ஒரு நாட்டு மாமரம் இருக்கிறது. பழம் வாயில் கரையும். ஆனால் தோல் மெலிசு. லாரியில் ஏற்றினால் கோயம்பேடு போய்ச் சேர்வதற்குள் கூழாகிவிடும். ஆக, சந்தையில் நாம் பார்ப்பது ருசியில் ஜெயித்த பழம் அல்ல, லாரிப் பயணத்தைத் தாங்கிய பழம். அதற்காகச் சந்தைக்கு வராத பழமெல்லாம் தேன் என்று சொல்லிவிட முடியாது. ஆடுகூடத் திரும்பிப் பார்க்காத புளிப்பு மரங்களும் அதே தோப்பில் நிற்கும்.

எழுபதுகளின் ராக் இசைக்கும் அப்படி ஒரு லாரி இருந்தது. அது எப்படி ஓடியது என்று தெரிந்தால், மறைந்த பேண்டுகளைத் தேடும் வழியும் தானாகத் தெரிந்துவிடும். அதற்கு முன், தேடுவது எதை என்று ஒரு முறை பார்த்துவிடலாம்.

ஹார்ட் ராக்: கரகரப்பு எப்படிச் சொத்தானது

கோயில் திருவிழாவில் மைக் செட்டை முழு வால்யூமில் வைத்தால் சத்தம் கூடுவதோடு நிற்காது, கரகரக்கவும் செய்யும். காரணம் எளிது. ஆம்ப்ளிஃபயரால் தர முடிந்த மின்னழுத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஒலி அலை அந்த வரம்பைத் தாண்டப் பார்க்கும்போது அதன் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடுகிறது. அப்படித் தட்டையான அலையில் மூலச் சுரத்தோடு அதன் மடங்குகளான பல மேல் அதிர்வுகளும் கலந்து ஒலிக்கின்றன. அந்தக் கலப்புதான் நம் காதில் கரகரப்பாக விழுகிறது.

மைக் செட்காரருக்கு இது பழுது. கிட்டார்காரருக்கு இதுதான் பிழைப்பு. பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் இந்த வெட்டு முரட்டுத்தனமாக இல்லாமல் கொஞ்சம் வழவழப்பாக விழும். கிட்டார் ஒலி தடித்து, நீண்டு நிற்கும். வேண்டுமென்றே ஆம்ப்ளிஃபயரை வரம்பு மீற வைக்கும் இந்த வேலைக்கு ஓவர்டிரைவ் என்று பெயர்.

இன்னொரு சொல் ரிஃப். பறையாட்டத்தில் ஓர் அடியைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார்களே, அதைப் போலப் பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் சின்னஞ்சிறு கிட்டார் சொற்றொடர். பாட்டின் வரி மறந்துபோனாலும் ரிஃப் மறக்காது. ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையிலிருந்து எடுத்த ரிஃப், அதன் மேல் ஓவர்டிரைவ், அடியில் பலமான டிரம்ஸ். 1968 வாக்கில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இது உருத்திரண்டபோது வந்த பெயர்தான் ஹார்ட் ராக்.

ப்ராக்: விஷயம் நீளத்தில் இல்லை

ப்ரொக்ரஸிவ் ராக் என்பதைத் தமிழில் 'முற்போக்கு ராக்' என்று எழுதிப் பார்த்தேன். ஏதோ எழுத்தாளர் சங்க மாநாட்டில் பாடுகிற குழு மாதிரி இருக்கிறது. ப்ராக் என்றே வைத்துக்கொள்வோம்.

ப்ராக் என்றால் இருபது நிமிஷப் பாட்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நீளம் அதன் விளைவுதான். சாதாரண ராக் பாட்டு சரணம், பல்லவி, சரணம், பல்லவி என்று கிளம்பிய இடத்துக்கே திரும்பி வரும். ப்ராக் பாட்டு திரும்பி வந்தே ஆக வேண்டும் என்று நினைப்பதில்லை. ஒரு பகுதியிலிருந்து வேறொரு பகுதிக்குப் போகும். வேகம் மாறும், தாளம் மாறும், வாத்தியம் மாறும். 1969 அக்டோபரில் வெளிவந்த கிங் கிரிம்ஸன் என்ற ஆங்கிலேயப் பேண்டின் முதல் ஆல்பத்தை இதன் தொடக்கப் புள்ளியாகப் பலர் சொல்வதற்குக் காரணம், இந்த மாற்றங்கள் எல்லாம் அதில் ஒரே இடத்தில் தயாராக இருந்ததுதான்.

தாள விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. ராக்கில் பெரும்பாலான பாட்டுகள் நாலு நாலாக எண்ணக்கூடியவை. ப்ராக்காரர்கள் ஏழு, ஐந்து என்று இறங்கும்போது மேற்கத்தியக் கேட்பவர் தடுமாறுவார். நாமோ மிஸ்ர சாபு, கண்ட சாபு என்று பெயர் வைத்தே பழகியவர்கள். பிங்க் ஃபிளாய்டின் 'மனி' பாட்டின் தொடக்கத்தில் 'தகிட தகதிமி' என்று சொல்லிப் பாருங்கள், கணக்காக உட்காரும். நடுவில் கிட்டார் தனி ஆவர்த்தனம் வரும் இடத்தில் பாட்டு நாலுக்கு மாறிவிடும், அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். ஜெத்ரோ டல்லின் 'லிவிங் இன் த பாஸ்ட்' ஐந்து.

வாத்தியங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மெல்லோட்ரான். பார்க்க ஹார்மோனியத்துக்குப் பெரியப்பா மாதிரி ஒரு மரப்பெட்டி. ஆனால் உள்ளே கம்பியும் இல்லை, காற்றும் இல்லை. முப்பத்தைந்து கட்டைகள்; ஒவ்வொரு கட்டைக்கும் கீழே தனித்தனியாக ஒரு காந்த நாடா, நம் பழைய கேசட்டில் இருந்த அதே சங்கதி. ஒவ்வொரு நாடாவிலும் ஒரு வயலின் குழுவோ புல்லாங்குழலோ பாடகர் குழுவோ ஒரே ஒரு சுரத்தை இசைத்துப் பதிவு செய்யப்பட்டிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், சுரம் கேட்கும். நாடாவின் நீளம் ஏறக்குறைய எட்டு விநாடி. அதற்கு மேல் அழுத்திக்கொண்டே இருந்தாலும் ஒன்றும் வராது. விரலை எடுத்தால் ஸ்பிரிங் நாடாவைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும்.

பர்மிங்காமில் பிராட்லி சகோதரர்கள் 1963 முதல் இதைச் செய்து விற்றார்கள். நாடா கொஞ்சம் இழுபடும், மோட்டார் கொஞ்சம் திணறும், அதனால் சுரம் லேசாக அலையும். அந்தக் குறைதான் அதன் குரல். தூரத்தில் யாரோ ஒரு பெரிய கூடத்தில் வாசிப்பது மாதிரி, கொஞ்சம் பழசாகி, கொஞ்சம் சோகமாக. பீட்டில்ஸின் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்' தொடக்கத்தில் வரும் குழல் இதுதான். முழு ஆர்கெஸ்ட்ராவைக் கூலிக்கு வைக்க வழியில்லாத பேண்டுகளுக்கு இந்தப் பெட்டி பெரிய வரம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஹார்ட் ராக்கின் உயிர் ரிஃபிலும் கரகரப்பிலும் இருக்கிறது, ப்ராக்கின் உயிர் பாட்டின் வடிவம் மாறிக்கொண்டே போவதில் இருக்கிறது. 1970ஐ ஒட்டிய வருஷங்களில் இரண்டுக்கும் நடுவே சுவர் கிடையாது. ஒரே பேண்டு ஒரே ஆல்பத்தில் இரண்டையும் செய்யும். நாம் தேடப்போகும் பேண்டுகளில் பாதி இந்த நடுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவைதான்.

லாரி எப்படி ஓடியது

அறுபதுகளின் இறுதியில் இங்கிலாந்தில் ரெக்கார்டு கம்பெனிகளுக்கு ஒரு குழப்பம். அதுவரை இரண்டு பாட்டு கொண்ட சின்னத் தட்டுதான் வியாபாரம். திடீரென்று மாணவர்கள் முழு ஆல்பமாக, எல்.பி.யாக வாங்க ஆரம்பித்தார்கள். எதை வாங்குவார்கள், எதைத் தொடமாட்டார்கள் என்று கோட் போட்ட அதிகாரிகளுக்குப் பிடிபடவில்லை. இளவட்டங்களுக்கென்று தனிக் கிளை லேபிள்களைத் திறந்தார்கள். லேபிள் என்றால் ரெக்கார்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதம் மட்டுமல்ல, அந்தப் பெயரில் பாட்டை வெளியிடும் நிறுவனமும்தான். இ.எம்.ஐ. ஹார்வெஸ்டைத் திறந்தது. ஃபிலிப்ஸ் வெர்டிகோவை. பை நிறுவனம் டானை. ஆர்.சி.ஏ. நியானை.

கணக்கு எளிது. பத்து பேண்டைப் பிடித்துப் போடு, ஒன்று ஓடினால் ஒன்பதின் செலவும் வந்துவிடும். ஸ்டுடியோச் செலவும் அன்று பெரிதல்ல. பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்துக்கான ஒலிப்பதிவு பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்தது. வெர்டிகோ அதை 1970 பிப்ரவரி 13 அன்று வெளியிட்டது; ஓடிய ஒன்று அது. அதே லேபிளில், அதே சுழல் வட்டம் அச்சிட்ட காகிதத்தோடு, கிரெஸிடா, அஃபினிட்டி, கிரேஷியஸ், மே ப்ளிட்ஸ், பேட்டோ என்று வரிசையாக வந்தவைதான் மற்ற ஒன்பதின் கூட்டம்.

அந்த ஒன்பதுக்கு நடந்தது என்ன? முதல் சில ஆயிரம் பிரதிகள் கடைக்குப் போகும். நகரும் வேகம் போதவில்லை என்றால் மறு அச்சு கிடையாது. பட்டியலிலிருந்தே பெயரை அடித்துவிடுவார்கள். விற்காமல் திரும்பி வந்த சரக்கு அமெரிக்காவில் அட்டையின் மூலையைக் கத்தரித்தோ துளை போட்டோ அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடப்பட்டது. இன்றும் பழைய ரெக்கார்டு வாங்குகிறவர்கள் மூலை வெட்டிய அட்டையைப் பார்த்ததும் 'கட்-அவுட்' என்று சொல்வது இதைத்தான். மறு அச்சு இல்லையென்றால் வானொலிக்காரர் கையிலும் தட்டு இருக்காது. வானொலியில் வராத பேண்டை ஊர் ஊராக யார் கூப்பிடுவார்கள்? ஆறு மாதத்தில் டிரம்மர் வேறு பேண்டுக்குப் போய்விடுவார், பாடகர் வேறு வேலைக்குப் போய்விடுவார். கதை முடிந்தது.

லேபிளே கிடைக்காதவர்கள் சொந்தக் காசில் அச்சிட்டார்கள். இதை பிரைவேட் பிரஸ்ஸிங் என்பார்கள். அந்தக் கால பிரிட்டனில் நூறுக்குக் குறைவாக அச்சிட்டால் கொள்முதல் வரி இல்லை. அதனால் தொண்ணூற்றொன்பது பிரதி என்பது ஒரு வழக்கமான எண்ணிக்கை ஆயிற்று. நார்த்தாம்ப்டனைச் சேர்ந்த டார்க் என்ற பேண்டு 1972இல் 'ரவுண்ட் த எட்ஜஸ்' ஆல்பத்தை அறுபத்துச் சொச்சம் பிரதிகள்தான் அச்சிட்டது. நம் ஊரில் ஒரு காதுகுத்து விழாவுக்கு இதைவிட அதிகமாகப் பத்திரிகை அடிப்போம். அத்தனை பிரதிகளும் நண்பர், உறவினர் வீடுகளைத் தாண்டியிருந்தாலே ஆச்சரியம்.

அதன் பிறகு 1973. ரெக்கார்டு என்பது பி.வி.சி., பி.வி.சி. என்பது பெட்ரோலியம். அந்த அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் ரெக்கார்டு செய்யும் மூலப்பொருளுக்கே தட்டுப்பாடு வந்தது. இருக்கிற பிளாஸ்டிக்கை நிச்சயமாக விற்கும் பெயர்களுக்குத்தானே ஒதுக்குவார்கள்?

சில சமயம் காரணம் இன்னும் அற்பமானது. டெட்ராய்ட்டில் ஹாக்னி சகோதரர்கள் மூவர் 'டெத்' என்று ஒரு பேண்டு வைத்திருந்தார்கள். 1975இல் பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். மரணம் என்ற பெயரை வைத்துக்கொண்டு விற்க முடியாது, மாற்றுங்கள் என்றது பணம் போட முன்வந்த பெரிய கம்பெனி. மாட்டோம் என்றார்கள். தாங்களே ஐந்நூறு சின்னத் தட்டுகளை அச்சிட்டுக்கொண்டார்கள். அந்தப் பதிவுகள் ஆல்பமாக வெளிவந்தது 2009இல். பெயரை விடாமல் பிடித்திருந்த மூத்த சகோதரர் டேவிட் 2000த்திலேயே காலமாகிவிட்டார்.

ஆக லாரி என்பது அச்சு எண்ணிக்கை, மறு அச்சு, வானொலி, பெட்ரோல் விலை, சில நேரம் வெறும் பெயர். பாட்டின் தரம் இந்தப் பட்டியலில் எங்கோ ஓர் ஓரத்தில்தான் இருக்கிறது.

செயலி ஏன் கைகொடுக்காது

"அதான் ஸ்பாட்டிஃபையே அடுத்த பாட்டைச் சொல்லுதே" என்று கேட்பீர்கள். சொல்கிறது. எப்படிச் சொல்கிறது என்று பாருங்கள்.

மளிகைக் கடை அண்ணாச்சிக்கு இட்லி அரிசி வாங்குகிறவர் உளுந்தும் வாங்குவார் என்று தெரியும். நீங்கள் அரிசி கேட்டதும் "உளுந்து?" என்பார். ஆயிரம் பேர் சேர்த்து வாங்கியதைப் பார்த்து வந்த அறிவு அது. பாட்டுச் செயலிகள் பரிந்துரைப்பதில் பெரும்பகுதி இதே கணக்குதான்: இதைக் கேட்டவர்கள் அதையும் கேட்டார்கள். யாருமே வாங்காத ஒரு பருப்பு கடை மூலையில் இருந்தால் அண்ணாச்சி அதைச் சொல்லவே மாட்டார். அது மட்டமான பருப்பு என்பதால் அல்ல, அது எதனோடு சேரும் என்று அவருக்குத் தெரியாது என்பதால். எழுபதுகளில் நடந்த ஒதுக்கல் இங்கே இன்னொரு முறை நடக்கிறது. முன்பு கேட்க ஆளில்லாமல் போனதாலேயே இப்போதும் கேட்க ஆளில்லாமல் போகிறது.

கணக்குக்குக் கேட்டவர்கள் வேண்டும். நமக்கோ கேட்கப்படாதது வேண்டும். ஆகவே வேறு நூலைப் பிடிக்க வேண்டும்.

பின்னட்டையைப் படியுங்கள்

அந்த நூல் ரெக்கார்டின் பின்னட்டையில் இருக்கிறது. தயாரிப்பாளர், ஒலிப்பொறியாளர், ஸ்டுடியோ, லேபிள், அட்டை வடிவமைப்பு, வாசித்தவர்கள் என்று எறும்பு அளவு எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். இந்தப் பெயர்ப்பட்டியலை கிரெடிட்ஸ் என்பார்கள். பேண்டுகள் மறைந்தன, ஆட்கள் மறையவில்லை. அவர்கள் ஒரு பேண்டிலிருந்து இன்னொன்றுக்கு, ஒரு ஸ்டுடியோவிலிருந்து இன்னொன்றுக்கு நடந்துகொண்டே இருந்தார்கள். அவர்கள் பின்னாலேயே நாமும் நடந்தால் போதும்.

ஒரு முறை நடந்து காட்டுகிறேன். எல்லோரும் கேட்ட பிளாக் சபாத்தின் 'பாரனாய்ட்'டை எடுப்போம். தயாரிப்பு: ராட்ஜர் பெய்ன். இவர் வேறு யாருக்கு வேலை செய்தார்? 1971இல் பட்ஜி என்ற கார்டிஃப் பேண்டின் முதல் ஆல்பத்துக்கு. மூன்றே பேர், சபாத்துக்குச் சித்தப்பா பையன் மாதிரி கனமான ரிஃப். பின்னாளில் மெட்டாலிக்கா என்ற பெரிய மெட்டல் பேண்டு இவர்களுடைய பாட்டுகளை எடுத்துப் பாடியதால் பட்ஜியின் பெயர் பாதி தப்பித்தது. அதே 1971இல் பெய்ன் தயாரித்த இன்னொரு ஆல்பம், கவென்ட்ரியின் இந்தியன் சம்மர். அது வந்தது நியான் லேபிளில். இந்தப் பெயரை எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? சபாத்திலிருந்து இரண்டே எட்டு.

இனி வேறு நூல். பட்ஜியின் முதல் ஆல்பம் பதிவானது ராக்ஃபீல்டில். வேல்ஸில் மான்மத் அருகே ஒரு பால்பண்ணை. வார்டு சகோதரர்கள் அதை ஸ்டுடியோவாக்கி, இசைக்காரர்கள் அங்கேயே தங்கிப் பதிவு செய்ய வைத்தார்கள். அதே ராக்ஃபீல்டில் 1971இல் வேறு யார்? லெஸ்டரைச் சேர்ந்த ஸ்பிரிங். லேபிள் மறுபடியும் நியான்! இரண்டு நூலும் ஒரே லேபிளில் வந்து முடிச்சு விழுகிறது பாருங்கள், இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த கணம் அதுதான். ஸ்பிரிங்கில் மூன்று பேர் மெல்லோட்ரான் வாசித்தார்கள். அட்டையில் ஓடைக்கரையில் விழுந்து கிடக்கும் ஒரு சிவப்புச் சட்டைச் சிப்பாய். படம் எடுத்தவர் கீஃப். பிளாக் சபாத் முதல் ஆல்பத்தில் பழைய ஆலைக் கட்டடத்தின் முன் நிற்கும் கறுப்பு உடைப் பெண்ணைப் படம் எடுத்தவரும் அவரே. கிளம்பிய வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டோம்.

ஸ்பிரிங் ஒரே ஒரு ஆல்பத்தோடு நின்றுபோனது. டிரம்ஸ் வாசித்தவர் பெயரைப் பாருங்கள்: பிக் விதர்ஸ். 1978இல் வெளிவந்த 'சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்' பிறகு உலகெங்கும் ஒலித்தபோது, அதைப் பாடிய டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் பேண்டின் டிரம்மர் இவர்தான். பாடகர் பேட் மோரன் ராக்ஃபீல்டிலேயே ஒலிப்பொறியாளராகத் தங்கிவிட்டார். தோற்ற பேண்டு என்று சொல்கிறோமே, அதன் ஆட்கள் யாரும் தோற்கவில்லை.

ஆட்கள் பிரியும் இடத்தைப் பிடிப்பதும் நல்ல வழி. 1969இல் டீப் பர்பிள் என்ற பெரிய ஹார்ட் ராக் பேண்டிலிருந்து இருவர் கழன்றார்கள். பேஸ் கிட்டார் நிக் சிம்பர் வார்ஹார்ஸ் என்ற பேண்டுக்குப் போனார், வெர்டிகோ லேபிள். பாடகர் ராட் எவன்ஸ் அமெரிக்கா போய் 1972இல் கேப்டன் பியாண்டில் பாடினார். இரண்டும் கேட்க வேண்டியவை. கேப்டன் பியாண்டின் முதல் ஆல்பம் அந்த வருஷத்துப் பெரிய பெயர்களோடு சரிசமமாக நிற்கும் என்பது என் கட்சி. ஜிக்ஸாக் பத்திரிகையில் பீட் ஃபிரேம் என்பவர் இந்தக் கிளைகளைக் கையாலேயே வம்சாவளி மரமாக வரைந்து தள்ளினார். ஒவ்வொரு பேண்டுக்கும் பாட்டன் முப்பாட்டன் வரை இருக்கும்.

இன்று பின்னட்டைக்கு ரெக்கார்டு கையில் இருக்க வேண்டியதில்லை. டிஸ்காக்ஸ் என்ற இணையத் தரவகத்தில் பெரும்பாலான தட்டுகளின் பின்னட்டைப் படமும் பெயர்ப்பட்டியலும் உண்டு. ஒரு பெயரைத் தொட்டால் அவர் வேலை செய்த எல்லாம் வரும். தொடுங்கள், வருஷம் 1969க்கும் 1975க்கும் நடுவே இருப்பதை மட்டும் பாருங்கள்.

சுருக்கமாக: பிடித்த ஒரு ஆல்பம், அதன் பின்னட்டையில் ஒரு பெயர், அந்தப் பெயரின் மற்ற வேலைகள். மூன்று எட்டுக்குள் யாரும் கேள்விப்படாத ஊருக்குப் போய்விடலாம்.

இங்கிலாந்துக்கு வெளியே

இத்தாலியில் ப்ராக் ஒரு சிறுபான்மை ரசனையாக இருக்கவில்லை. இங்கிலாந்திலேயே பலர் கண்டுகொள்ளாத வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் என்ற ஆங்கிலேயப் பேண்டின் 'பான் ஹார்ட்ஸ்' ஆல்பம் இத்தாலியில் முதலிடம் பிடித்தது. உள்ளூர்ப் பேண்டுகளும் முளைத்தன. பிரெமியாட்டா ஃபோர்னெரியா மார்க்கோனி என்ற நீளப் பெயருக்கு 'பரிசு பெற்ற மார்க்கோனி ரொட்டிக்கடை' என்று அர்த்தம். பாங்கோ என்ற ரோம் நகரப் பேண்டு 1972இல் தன் முதல் ஆல்பத்தை உண்டியல் வடிவத்தில் வெட்டிய அட்டைக்குள் வைத்து விற்றது. பாடியது இத்தாலிய மொழியில் என்பதால் இப்படிப்பட்ட பேண்டுகளில் பெரும்பாலானவற்றை வெளியே ஏற்றிப்போக லாரியே இல்லை. நமக்கு ஆங்கிலப் பாட்டிலும் பாதி வரி புரிவதில்லை, ஆகவே இது ஒரு தடையாக இருக்கக் கூடாது.

ஆப்பிரிக்காவில் ஸாம்பியாவின் தனிக் கதைக்கு ஸாம்ராக் என்றே பெயர். விடுதலைக்குப் பின் அதிபர் கவுண்டா வானொலியில் 95 சதவீதம் உள்ளூர் இசைதான் வர வேண்டும் என்று உத்தரவிட்டார். தாமிரச் சுரங்க நகரங்களின் இளைஞர்கள் ஃபஸ் என்ற கரகரப்புக் கிட்டாரும் ஆப்பிரிக்கத் தாளமுமாக இறங்கினார்கள். விட்ச், அமனாஸ், ங்கோசி ஃபேமிலி. தாமிர விலை விழுந்தபோது அதோடு எல்லாம் விழுந்தது. விட்ச் பாடகர் ஜகாரி சாண்டா பிறகு ரத்தினக்கல் தோண்டப் போனார். இரண்டாயிரத்துப் பத்துகளில் பழைய ஆல்பங்கள் மறு வெளியீடு கண்டதும் அவருக்கு மேடை திரும்பக் கிடைத்தது; 2023இல் விட்ச் பெயரில் புது ஆல்பமே வந்தது.

ஜெர்மனிக்குத் தனிக் கட்டுரை வேண்டும். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனசில்லை. ம்யூனிக்கில் எம்ப்ரியோ என்று ஒரு பேண்டு. அவர்களோடு சேர்ந்து வாசித்த அமெரிக்க சாக்ஸஃபோன்காரர் சார்லி மரியானோ, அறுபதுகளில் மலேசிய வானொலிக்கு வேலையாகப் போன இடத்தில் நாதஸ்வரத்தைக் கேட்டு, அதைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். எம்ப்ரியோவின் 1973ஆம் ஆண்டு ஆல்பம் 'வீ கீப் ஆன்'. அதில் மரியானோ நாதஸ்வரமும் வாசித்தார். நம் கல்யாணக் காது இல்லாத ஒருவரால் அதை முழுசாக ரசிக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். பின்னர் எம்ப்ரியோ தரைவழியே பஸ்ஸில் இந்தியா வரை வந்ததும், பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்க்கஷனோடு சேர்ந்து ஆல்பம் செய்ததும் தனிக் கதை.

விலைக்கும் தரத்துக்கும் முடிச்சுப் போடாதீர்கள்

டார்க்கின் அசல் தட்டு இன்று பல ஆயிரம் பவுண்டுக்குப் போகிறது. அந்த விலை அறுபத்துச் சொச்சம் என்ற எண்ணுக்கான விலை. கேட்டால் சுகமான, கொஞ்சம் கூச்ச சுபாவமுள்ள கிட்டார் இசைதான். உலகத்தைப் புரட்டிப்போடும் சமாசாரம் இல்லை. அபூர்வத்தை மேதைமையாக எண்ணி ஏமாறாதவர் இந்த வட்டாரத்தில் யாருமில்லை, நான் உட்பட. 'காணாமல் போன காவியம்' என்று அட்டையில் ஒட்டுக்காகிதம் போட்டிருந்த ஒரு சி.டி.யை ஒரு மாதச் சேமிப்பைக் கொட்டி வரவழைத்தேன். நாற்பது நிமிஷமும் ஒரே ரிஃப். அதுவும் அசல் நாடாவிலிருந்து எடுத்ததல்ல. தேய்ந்த தட்டு ஒன்றை ஓடவிட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். கடுகு வெடிக்கிற சத்தம் முதலிலிருந்து கடைசி வரை.

அசல் நாடா, அதாவது ஸ்டுடியோவில் பதிவான மாஸ்டர், பல பேண்டுகளுக்குத் தொலைந்தேவிட்டது. அப்போது தட்டிலிருந்து எடுப்பதைத் தவிர வழியில்லை. ஆனால் அதை ஒழுங்காகச் சொல்லும் வெளியீட்டாளரும் உண்டு, மறைப்பவரும் உண்டு. உள்ளே பேண்டு ஆட்களின் பேட்டி, பதிவுத் தேதி, யாரிடம் உரிமை வாங்கினோம் என்ற தகவல் இருந்தால் நம்பலாம். மொட்டையாக ஒரு படமும் பாட்டுப் பெயர்களும் மட்டும் இருந்தால், வாசித்தவர்களுக்கு ஒரு பைசாகூடப் போய்ச் சேராத கள்ள அச்சாக இருக்க வாய்ப்பு அதிகம்.

யாருடைய பட்டியலை நம்புவது என்றும் கேட்பார்கள். நர்ஸ் வித் வூண்ட் என்ற குழு 1979இல் தன் முதல் ஆல்பத்தோடு 291 பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்றை அச்சிட்டது. பாதிக்கு மேல் யாரும் கேள்விப்படாத ஐரோப்பியக் குழுக்கள். நாற்பது வருஷமாகச் சேகரிப்பாளர்கள் அதை வைத்துக்கொண்டு அலைகிறார்கள். புதிதாக வருகிறவர் அதில் தொடங்க வேண்டாம். அதில் பல, கதவு கிறீச்சிடுவதைப் பாட்டு என்று சொல்லும் ரகம். கொஞ்சம் காது பழகட்டும்.

இன்றைக்கே தொடங்க

ரிஃப் பிடித்தவர் பட்ஜியின் முதல் ஆல்பத்தையோ கேப்டன் பியாண்டையோ எடுங்கள். வடிவ மாற்றம் பிடித்தவருக்கு பாங்கோ. தாளம் பிடித்தவருக்கு விட்ச்சின் 'லேஸி போன்ஸ்'. மூன்று முறை கேட்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இந்த ஆல்பங்கள் செயலியில் பாட்டு பாட்டாக உதிர்த்துக் கேட்பதற்காகச் செய்தவை அல்ல, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம் என்று உட்கார்ந்து கேட்பதற்குச் செய்தவை.

எதுவும் முடிவு செய்ய முடியவில்லை என்றால் ஸ்பிரிங். நல்ல ஹெட்ஃபோன் போட்டு, பின்னணியில் அந்தப் பழைய வயலின் கூட்டம் நீளமாக ஒரு சுரத்தைப் பிடிக்கும் இடத்தில் மனசுக்குள் எண்ண ஆரம்பியுங்கள். எட்டு வருவதற்குள் வாசிப்பவர் விரலை மாற்றிவிடுவார்.